இவளே, வா

மாலை ஆறரை மணி. மலையடிவாரத்தில் ஒரு தார்ச்சாலை. ஒரு பக்கம் காடு. மறுபக்கம் சரிவு. மேலே துணைமின் நிலையம், கீழே அதில் வேலை செய்கிறவர்களுக்குக் கட்டிக் கொடுத்த வீடுகள். ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற இடம். அதற்குப் போகிற சாலையில் ஒரு பல்பு கிடையாது.

அந்த நேரத்தை முழு இருட்டு என்றும் சொல்ல முடியாது. ஆள் தெரியும். முகம் தெரியாது.

நடந்தது நம் பட்டறை வெல்டரின் அண்ணனுக்கு. இன்றைக்கு வெல்டர் லீவு. அதனால்தான் சொல்ல முடிகிறது. அவன் இருந்தால் பாதியில் எழுந்து போய்விடுவான்.

மெழுகுவர்த்தியை நடுவில் தள்ளுங்கள். கதவோரம் இருப்பவர் உள்ளே நகர்ந்து உட்காரட்டும். கரண்ட் வர எப்படியும் நேரமாகும்.

வெல்டருக்கு அண்ணன் என்றால் நமக்கும் அண்ணன்தான். ஆனால் மரியாதை போட்டுச் சொன்னால் பயம் வராது. அவன் என்றே வைத்துக்கொள்வோம். துணைமின் நிலையத்தில் ஆபரேட்டர். கல்யாணமாகி ஒரு வருஷம் நிறையவில்லை.

அன்று காலை வீட்டில் சண்டை. ஒரு சொல்லால் வந்த சண்டை.

இவளே.

அவன் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கோபமோ வெறுப்போ ஒன்றும் இல்லை. வாய் வராது, அவ்வளவுதான். அவன் அப்பாவும் அம்மாவை அப்படித்தான் கூப்பிட்டார். "இவளே, தண்ணி." "இவளே, சட்டை." அவளும் அவனைப் பெயர் சொல்வதில்லை. "என்னங்க" என்பாள். அந்த வீட்டில் ஒரு வருஷமாக இரண்டு பேர் பெயரே இல்லாமல் குடித்தனம் நடத்தினார்கள்.

அன்று காலை அவன் கேட்டான்: "இவளே, டப்பா எங்க?"

"எவளே?"

"என்ன?"

"இவளேன்னா எவளேன்னு கேக்கறேன். எங்க அப்பா அம்மா எனக்கு ஒரு பேரு வெச்சிருக்காங்க. நான் வேலை பாத்த மருந்துக் கடையில சீட்டைக் கொண்டுவந்து நீட்டினவன்கூட அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டான். கட்டிக்கிட்டவருக்கு மட்டும் வாய் கோணிக்குது."

"கூப்பிட்டா திரும்பறல்ல? அப்புறம் என்ன?"

"நான் திரும்பறேன். நாளைக்கு வேற எவளாவது திரும்பினா?"

"திரும்பட்டுமே. உன்னைவிட நல்லா சமைக்கறவளா இருந்தா வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடறேன்."

சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. கட்டி வைத்திருந்த சாப்பாட்டு டப்பாவை அலமாரியில் டக்கென்று வைத்தாள். திரும்பி நின்றுகொண்டாள்.

"பேரு சொல்லிக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் வாய் திறக்க மாட்டேன். முகத்தையும் பாக்க முடியாது. முதுகுதான்."

அவனுக்கும் வீம்பு. டப்பாவை எடுக்காமல் படியிறங்கிவிட்டான்.

அந்த முதுகைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவளை அவன் முதன்முதலில் பார்த்தது ஒரு மருந்துக் கடையில். அவள் அங்கே வேலை பார்த்தாள். அன்று மழை. நனைந்து வந்தவள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மேல் தட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. நுனியில் தண்ணீர் சொட்டியது. அவன் தலைவலி மாத்திரை வாங்கப் போனவன். தலைவலி மறந்துவிட்டது. அவள் திரும்பியதும் முகத்தையும் பார்த்தான், பிடித்தும் போயிற்று. ஆனால் முதலில் கண்ணில் ஒட்டியது முதுகு. அதற்குப் பிறகும் அவளை நினைத்தால் முதலில் அந்தக் கூந்தல்தான் வரும். முகம் கொஞ்சம் தாமதமாக வரும்.

முதலில் பார்த்தது அப்படித்தான். போகாது.

சரி. பகல் முழுக்க அவன் வேலை செய்தான். வேலை என்றால் பெரும்பாலும் மீட்டர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. வெளியே ஜல்லி கொட்டிய யார்டில் டிரான்ஸ்ஃபார்மர் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்குத் தூக்கம் வராது. பழகியவர்களுக்கு அது நின்றால்தான் தூக்கம் கலையும். மத்தியானம் பசித்தது. பசியில் வீம்பு கரைந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்து யார்டுக்குப் போனான். டிரான்ஸ்ஃபார்மர் முன்னால் நின்று அவள் பெயரைச் சொல்லிப் பழகினான். அந்த முனகலில் அவன் காதுக்கே கேட்கவில்லை. ஆனாலும் வாய் வந்துவிட்டது. இன்றைக்கு வீட்டுக்குள் நுழைகிற போதே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான்.

அந்தப் பெயர் என்ன என்று கேட்காதீர்கள். வெல்டர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது கடைசியில் புரியும்.

ஆறரைக்கு மாற்று ஆள் வந்தான். இவன் கையில் டார்ச்சோடு கிளம்பினான்.

முதல் வளைவு வரை டிரான்ஸ்ஃபார்மர் சத்தம் துணைக்கு வரும். வளைவு தாண்டினால் பட்டென்று அறுந்துவிடும். அன்றும் அறுந்தது... பூச்சிச் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தான். இல்லை. காடு வாயை மூடிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு வாடை. நனைந்த சாக்கு. அதோடு புளித்த தேன் மாதிரி ஒன்று. நாய் நனைந்தால் வருமே, அதுவும் கொஞ்சம்.

அப்புறம் ஒரு சத்தம். கண்ணாடி டம்ளரின் அடியில் கொஞ்சம் ஜூஸ் மிச்சமிருக்கும்போது குழல் போட்டு உறிஞ்சுவது போல. உர்ர்ஸ்ஸ்... நிற்கும். மறுபடி. உர்ர்ஸ்ஸ்...

பாதி வழியில் ஒரு சின்னப் பாலம். அதன் அடியில் ஓடை. அவள் சில நாள் அதுவரைக்கும் நடந்து வந்து, அவனுக்காகக் காத்திருப்பாள்.

பாலத்தின் ஓரத்தில் ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. தலைமுடியை அவிழ்த்துவிட்டிருந்தது. முடி தோளெல்லாம் வழிந்து தரையைத் தொட்டது. தலை குனிந்திருந்தது. தோள்கள் லேசாகக் குலுங்கின.

அழுகிறாள் என்று நினைத்தான்.

காலையில் சொன்னாளே, முதுகைத்தான் பார்ப்பீங்க என்று. சொன்னபடி செய்கிறாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. டார்ச்சைப் போடவில்லை. முகத்தில் அடித்தால் கோபம் கூடும் என்று அணைத்தே வைத்திருந்தான். பகலெல்லாம் பழகிய பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

பழக்கம் முந்திக்கொண்டது.

"இவளே... போதும் கோவம். எழுந்து வா. வீட்டுக்குப் போவோம்."

உறிஞ்சும் சத்தம் நின்றது.

தோள் குலுங்கல் நின்றது.

"உன்னைத்தான். வா இவளே."

எழுந்தது.

எழுந்துகொண்டே இருந்தது. அவளுடைய உயரம் வந்ததும் நிற்கவில்லை. இரண்டு காலில் நிமிர்ந்து, நிதானமாக... ஒரு மனுஷி பின்னாலிருந்து கூப்பிட்டவரைத் திரும்பிப் பார்ப்பது போலத் திரும்பியது.

நீளமான மூஞ்சி. சாம்பல் பூசிய மாதிரி ஒரு வெளுப்பு. கீழுதடு தொங்கியது. அதில் மண்ணும் செத்த கறையானும் ஒட்டியிருந்தன. நெஞ்சில் வெள்ளையாக ஒரு பிறை. கை இரண்டும் முன்னால் தொங்கின. கை என்று சொல்லத்தான் வருகிறது... ஒவ்வொன்றிலும் விரல் நீளத்துக்கு நகம்.

கரடி.

அவன் ஓடவில்லை. தைரியத்தால் இல்லை. கால் கேட்கவில்லை, அவ்வளவுதான். அது அவனைப் பார்த்தது. காட்டு மிருகம் மனுஷனைப் பார்த்தால் பயப்படும், இல்லை பாயும். இது இரண்டும் செய்யவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, பெயர் ஞாபகம் வராத ஒருவரைப் பார்ப்பது போல அவனையே பார்த்தது. பிறகு 'ஹூம்' என்று ஒரு மூச்சு விட்டது. சூடாக வந்து அவன் சட்டையில் பட்டது.

முன்காலை இறக்கியது. காட்டுக்குள் போகவில்லை. சரிவிலும் இறங்கவில்லை. தார்ச்சாலையின் நடுவில், அவனுக்கு முன்னால், வீடுகள் இருக்கும் பக்கமாக நடக்கத் தொடங்கியது. கொஞ்ச தூரம் போய் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தது. வருகிறானா என்று.

அப்போதுதான் அவனுக்குக் கால் வந்தது. மேலே ஓடினான்.

துணைமின் நிலையத்தின் வாசலில் காவலாளி. அவருக்குச் 'சைரன்' என்று பட்டப்பெயர். இருமினால் ஆலைச் சங்கு ஊதிய மாதிரி இருக்கும். இவன் மூச்சிரைக்கச் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஒரு இருமல் இருமினார்.

"கரடி விடாதீங்க தம்பி."

"கரடிதாண்ணே. நிஜமாவே கரடி."

"அதைத்தான் நானும் சொல்றேன். நிஜமாவே விடறீங்க. வீட்டுக்குப் போகப் பயமா? காலையில சண்டைபோல."

"உங்களுக்கு யாரு சொன்னது?"

"நீங்கதான் மத்தியானம் டிரான்ஸ்ஃபார்மர்கிட்ட நின்னு பொண்டாட்டி பேரை ஜெபம் பண்ணிட்டிருந்தீங்களே. வாயசைவைப் பாத்தாலே தெரியாதா?"

"அண்ணே, அது கீழ வீட்டுப் பக்கம் போயிருக்கு. அவ தனியா இருக்கா."

அதைக் கேட்டதும் சைரன் முகம் மாறியது. இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டார். பெரிய டார்ச்சையும் எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் சாலை வழியாகவே இறங்கினார்கள்.

பாலத்தோரத்தில் ஒன்றும் இல்லை. கறையான் புற்று ஒன்று பிளந்து கிடந்தது. பக்கத்தில் ஈர மண்ணில் தடம். சைரன் குனிந்து வெளிச்சம் அடித்தார்.

"இது மனுஷக் கால் தம்பி. பாருங்க. குதிகால், பாதம், விரல். யாரோ ஒரு பொம்பளை செருப்பில்லாம போயிருக்கா."

அவனும் குனிந்தான். மனுஷக் கால் மாதிரிதான் இருந்தது. ஆனால் ஏதோ இடித்தது. தன் வலது காலைச் செருப்பிலிருந்து உருவி, தடத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

வலது காலில் பெருவிரல் இடப்பக்கம் இருக்கும். உங்கள் காலையே பாருங்கள். இரண்டு பெருவிரலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, உள்பக்கமாக இருக்கும்.

அந்தத் தடத்தில் பெருவிரல் வெளிப்பக்கம் இருந்தது. சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில்.

"காலை மாத்திப் போட்டு நடந்திருப்பா," என்றார் சைரன். சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

தடம் சாலையில் ஏறியது. தாரில் ஈரமாகத் தெரிந்தது. கீழ்நோக்கித்தான் போயிற்று. பாலத்திலிருந்து தொடங்கும்போது நாலு காலும் பதிந்திருந்தது. வீடுகள் தெரியும் இடத்துக்கு வந்தபோது இரண்டுதான் பதிந்திருந்தது.

வரிசை வீடுகளில் பாதிக்கு மேல் காலி. காடு பக்கத்தில் இருப்பதால் யாரும் குடிவருவதில்லை. அவன் வீட்டுச் சமையலறை ஜன்னலில் மட்டும் வெளிச்சம். ஜன்னலில் அவள் நிழல் தெரிந்தது. முடியை விரித்துவிட்டிருந்தாள். எதையோ எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"உள்ளதான இருக்காங்க. கதவும் சாத்தியிருக்கு," என்றார் சைரன். "போங்க. போய்க் கால்ல விழுங்க. எல்லாம் சரியாயிடும்." கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினார். போகும்போது பாட்டு பாடிக்கொண்டே போனார். பயந்தவர்கள் பாடுவார்களே, அந்த மாதிரிப் பாட்டு.

அவன் உள்ளே நுழைந்து தாழ் போட்டான். இரண்டு தாழும் போட்டான். கதவில் சாய்ந்து மூச்சு விட்டான். அவள் இருக்கிறாள். போதும்.

கூடத்தில் இருட்டு. அந்த ட்யூப் லைட் எரியாமல் போய் மாதமாகிறது. ஊருக்கே கரண்ட் கொடுக்கிறவன் வீட்டில் ஒரு ட்யூப் லைட் மாற்ற ஆளில்லை என்று அதற்கும் அவள் சொல்லிக்காட்டுவாள். சமையலறை பல்பின் மஞ்சள் வெளிச்சம் மட்டும் தரையில் ஒரு பாய் அளவுக்கு விழுந்திருந்தது.

அவள் அடுப்பு மேடைப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். முடி நனைந்திருந்தது. நுனியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. கையில் சர்க்கரை டப்பா.

"இவளே," என்றான்.

"என்னங்க."

பேச மாட்டேன் என்றவள் பேசிவிட்டாள். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. நடந்ததைக் கொட்டினான். பாலம், முதுகு, நீ என்று நினைத்து நான் கூப்பிட்டேன், அது எழுந்து...

"என்னங்க."

"அதான் சொல்றேன். கரடி."

"என்னங்க."

அதே ஏற்றம். அதே இறக்கம். ஸ்விட்சைப் போட்டால் மணி அடிப்பது போல. கோபத்தில் வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்தான். நனைந்த சாக்கு வாடை அடித்தது. தன் சட்டையை முகர்ந்து பார்த்தான். கரடி மூச்சு விட்ட சட்டைதானே. அதில்தான் அடிக்கிறது என்று நினைத்தான். நினைக்க விரும்பினான்.

அவள் சர்க்கரை டப்பாவை வாயருகே கொண்டுபோனாள்.

உர்ர்ஸ்ஸ்...

அவன் கண் அலமாரிக்குப் போனது. காலையில் அவள் டக்கென்று வைத்த சாப்பாட்டு டப்பா அங்கே இல்லை.

அப்போது கதவு தட்டப்பட்டது.

பலமாக இல்லை. விரல் முட்டியால், இரண்டு தட்டு.

"என்னங்க. திறங்க. நான்தான்."

அவள் குரல்.

அவன் கூடத்தின் நடுவில் நின்றான். பின்னால் சமையலறையில் ஒருத்தி. முன்னால் கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி.

"என்னங்க, காதுல விழலையா? பேசக் கூடாதுன்னுதான் இருந்தேன். பட்டினியா கிடப்பீங்களேன்னு மனசு கேக்கல. டப்பாவை எடுத்துட்டுக் குறுக்கு வழியில மேல ஏறினேன். இப்பத்தான் ரோட்டு வழியா இறங்கினார்னு சொன்னாங்க. அதே குறுக்கு வழியில திரும்பி வந்தா, வழியெல்லாம் என்னமோ நாத்தம்... பின்னாடி யாரோ வர்ற மாதிரியே இருக்கு. திறங்களேன்."

கதவுப் பக்கம் கால் எடுத்து வைத்தான்.

"திறக்காதீங்க."

சமையலறையிலிருந்து. அதே குரல். ஒரு சுருதி பிசகவில்லை.

வெளியே செருப்புச் சத்தம் ஒரு அடி பின்வாங்கியது. பிறகு, மெல்ல:

"உள்ள யாருங்க?"

அவன் வாய் தானாகச் சொன்னது. "இவளே..."

"என்னங்க," என்றது வெளியே.

"என்னங்க," என்றது உள்ளே.

எவளே என்று காலையில் கேட்டாளே. அந்தக் கேள்வி இப்போது கூடத்தின் நடுவில் அவனோடு நின்றது.

இரண்டு குரலும் ஒன்று. முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒருத்தியின் முகத்துக்கு நடுவில் கதவு. இன்னொருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"திரும்பு," என்றான் உள்ளே பார்த்து. "திரும்பி முகத்தைக் காட்டு."

"பேரு சொல்லிக் கூப்பிடுங்க," என்றாள் உள்ளே இருந்தவள். "அதுவரைக்கும் முதுகுதான்."

அவனுக்கு உயிர் வந்தது. காலையில் இந்த வீட்டுக்குள் நடந்த பேச்சு. அவனுக்கும் அவளுக்கும் தவிர யாருக்குத் தெரியும்? அப்படியானால் இவள்தான். உள்ளே இருப்பவள்தான். வெளியே நிற்பது அது.

யோசிக்க வேண்டிய இடம் அதுதான். பேசியது அவர்கள் இரண்டு பேர்தான். ஆனால் ஜன்னல் திறந்துதான் கிடந்தது. ஜன்னலுக்குப் பின்னால் காடு.

அவன் யோசிக்கவில்லை. சமையலறையைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, டிரான்ஸ்ஃபார்மர் சத்தம் இல்லாமல், தெளிவாக, அவள் பெயரைச் சொன்னான்.

"ம்," என்றாள் உள்ளே இருந்தவள். உடனே. கையை நீட்டி வாங்கிக்கொள்வது போல.

வெளியே சத்தமில்லை.

பிறகு கதவுக்கு மிக அருகில், கோபமே இல்லாமல்:

"இப்பத்தான் வாய் வந்துச்சா உங்களுக்கு?"

அந்த ஒரு வாக்கியம் போதும். முதல் நாள் மருந்துக் கடையில் அவள் சில்லறை இல்லையா என்று கேட்ட அதே குத்தல். ஒரு வருஷமாகத் தினமும் அவனைக் குத்திய, அவன் இல்லாமல் இருக்க முடியாத அந்தக் குத்தல். பாவனை செய்கிற எதற்கும் அது வராது.

தாழ்ப்பாளில் கை வைத்தான். மேல் தாழை எடுத்தான்.

தோளில் ஒரு கை விழுந்தது.

கனமாக. சூடாக. நகம் சட்டையைத் தாண்டிப் பதிந்தது. அழுத்தவில்லை. வெறுமே வைத்திருந்தது.

கீழ்த் தாழை அவன் எடுக்கவில்லை.

வெளியே படியில் ஏதோ வைக்கும் சத்தம் கேட்டது. டக். காலையில் அலமாரியில் வைத்த அதே மாதிரி. அப்புறம் செருப்புச் சத்தம். படியிறங்கியது. சாலையில் ஏறியது. தேய்ந்தது... தேய்ந்துகொண்டே போய் ஒரு இடத்தில் நின்றது. காட்டில் அத்தனை நேரம் கேட்காத பூச்சிகள் எல்லாம் ஒரே மூச்சில் கத்தத் தொடங்கின.

அவன் திரும்பினான். திரும்பித்தானே ஆக வேண்டும்.

முதலில் முடிதான் தெரிந்தது. பிறகு அதை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு முகம் வந்தது. அவள் முகம்தான். மூக்கோரத்து மச்சம்கூட அதே இடத்தில் இருந்தது. சிரித்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள்.

விடிந்ததும் கதவைத் திறந்தான். படியில் சாப்பாட்டு டப்பா. மூடி திறக்காமல் இருந்தது.

வேலைக்குப் போனான். போகாமல் என்ன செய்வது? மாற்று ஆள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும்போது கேட்டான். "நேத்து உங்க வீட்டம்மா டப்பாவோட மேல வந்தாங்களே. இப்பத்தான் இறங்கினார்னு சொல்லி அனுப்பினேன். பாத்தீங்களா?"

"பார்த்தேன்," என்றான்.

வேறு என்ன சொல்வது? தேடலாம். போலீசுக்குப் போகலாம். போய், பெண்டாட்டியைக் காணவில்லை என்று சொல்லலாம். அவர்கள் விசாரிக்க வீட்டுக்கு வருவார்கள். பெண்டாட்டி கதவைத் திறப்பாள். வீட்டில் இருக்கிறவளை எப்படித் தேடச் சொல்வது?

அந்த வாரம் அவன் தினமும் பாலத்தில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டானாம். கத்திக் கூப்பிட்டானாம். சைரன்தான் வெல்டரிடம் சொன்னார். காட்டிலிருந்து பதில் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் கீழே வீட்டிலிருந்துதான் வந்தது.

"என்னங்க."

அவ்வளவு தூரத்துக்கு ஒரு பெண்ணின் குரல் கேட்கக் கூடாது. வெல்டர் அந்தப் பெயரை ஏன் வாயில் எடுப்பதில்லை என்று இப்போது புரிகிறதா?

இரண்டு மாதம் கழித்து வெல்டர் அண்ணனைப் பார்க்கப் போனான். அப்போது அவனுக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது; அண்ணன் சொன்னது பின்னால்தான். அண்ணி நன்றாகக் கவனித்தாள். முன்பு கிண்டல் செய்துகொண்டே இருப்பாள், இப்போது பேச்சு குறைந்துவிட்டது. அண்ணன் இளைத்திருந்தான். ஆனால் வாய்க்கு வாய் அவள் பெயரைச் சொன்னான். உப்பு கேட்கப் பெயர். தண்ணீர் கேட்கப் பெயர். ஒன்றும் கேட்காமலும் பெயர்.

"என்னண்ணே, திடீர்னு காதல் பொங்குது," என்றான் வெல்டர்.

அண்ணன் அவனைப் பார்த்தான். "சொல்லலைன்னா அவளுக்குப் பிடிக்காதுடா," என்றான்.

கூடத்து ட்யூப் லைட் அப்போதும் எரியவில்லை. வெல்டர் மாற்றித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

சாயங்காலம் அண்ணி குளித்துவிட்டு வந்தாள். முடி சொட்டச் சொட்ட, முதுகைக் காட்டிக்கொண்டு, கூடத்தைக் கடந்து சமையலறைக்குப் போனாள். பார்க்கக் கூடாதென்று வெல்டர் தலையைக் குனிந்துகொண்டான். அதனால் தரையைப் பார்த்தான்.

அண்ணன் அதற்குள் எழுந்துவிட்டான். பழைய துணி ஒன்று கதவுக்குப் பின்னால் தயாராக இருந்தது. மண்டியிட்டு, அவளுக்குப் பின்னாலேயே, சிமெண்டுத் தரையில் விழுந்த ஈரக் கால்தடங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே போனான். சத்தமில்லாமல். தினமும் செய்கிறவன் செய்வது போல.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டான். வெல்டரின் காலடியில் இருந்தது.

வலது கால். பெருவிரல் வலப்பக்கம்.